கிளைவ் சல்லிவன்: ஒரு ரக்பி லீக் வீரரின் வாழ்க்கையை எழுதிப் பார்ப்போம்

படிவம் ஐந்து மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு சின்னச் சோதனை செய்து பார்த்தேன். தலைப்பு, ‘நான் போற்றும் விளையாட்டு வீரர்’. ஒரு மாணவி நிக்கோல் டேவிட்டைப் பற்றி எழுதியிருந்தாள். இன்னொரு மாணவன் லீ சோங் வெய். முதல் கட்டுரையில் நிக்கோல் டேவிட் என்று வரும் இடத்திலெல்லாம் லீ சோங் வெய் என்று மாற்றிப் படித்தேன். ஒரு வரிகூட இடிக்கவில்லை! ‘சிறு வயது முதல் கடுமையாக உழைத்தார்’, ‘தடைகளைத் தகர்த்தெறிந்தார்’, ‘நாட்டிற்குப் பெருமை சேர்த்தார்’. யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும் சட்டை மாதிரி.

பிழையில்லாத தமிழ்தான். மதிப்பெண்ணும் ஓரளவுக்கு வரும். ஆனால் படித்து முடித்த பிறகு அந்த மனிதரைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. ‘ஏன்?’ என்ற கேள்வி எங்குமே கேட்கப்படவில்லை என்பதுதான் காரணம். ஏன் இந்த ஊரை விட்டுப் போனார், ஏன் இந்த ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தார், ஏன் அந்த ஆண்டில் அது நடந்தது?

மறுநாள் வகுப்பில், அவர்கள் யாருமே கேள்விப்படாத ஒருவரை எடுத்துக்கொண்டேன். தெரிந்தவர் என்றால் மனப்பாட வரிகள் தானாக வந்து விழும். தெரியாதவர் என்றால் யோசித்துத்தான் ஆக வேண்டும். கிளைவ் சல்லிவன், பிரிட்டனின் ரக்பி லீக் வீரர். “யாரு டீச்சர் இவரு?” என்று கேட்டார்கள். அந்தப் பாடத்தைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

ஆட்டத்தைப் பற்றி முதலில்

நம் நாட்டுப் பள்ளிகளில் ஆடப்படும் ரக்பி, யூனியன் வகையைச் சேர்ந்தது. பதினைந்து பேர் ஆடலாம், எழுவர் ஆடலாம். பத்துப் பேர் ஆடும் வகை நம் மலேசியாவிலேயே தொடங்கியது. ரக்பி லீக் என்பது வேறு. ஒரு குழுவுக்குப் பதின்மூன்று பேர். இப்போதைய விதிப்படி, பந்தை வைத்திருக்கும் குழுவினர் ஆறு முறை மடக்கிப் பிடிக்கப்பட்டால் பந்து எதிரணியின் கைக்குப் போய்விடும். எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுபோய்த் தரையில் வைப்பதை ‘ட்ரை’ என்கிறார்கள். சல்லிவன் விங்கர். அதாவது மைதானத்தின் ஓரத்தில் நின்று, பந்து கைக்கு வந்ததும் கோட்டை ஒட்டியே பறப்பவர்.

இரண்டு ஆட்டங்களும் ஏன் பிரிந்தன என்பது தெரிந்தால்தான் சல்லிவனின் கதை புரியும். 1895 ஆகஸ்டு 29-ஆம் நாள், இங்கிலாந்தின் வட பகுதியிலுள்ள ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கத்திக் கிளப்புகள் கூடித் தனி அமைப்பு ஒன்றைத் தொடங்கின. சிக்கல் பணம். வட இங்கிலாந்து ஆட்டக்காரர்களில் பலர் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள். சனிக்கிழமை ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும். அந்தக் கூலியை ஈடுகட்டித் தர வேண்டும் என்றார்கள் இவர்கள். விளையாட்டுக்குக் காசு வாங்குவது கேவலம் என்றார்கள் லண்டன்காரர்கள். பிரிந்தது பிரிந்ததுதான். அதற்குப் பிறகு நூறு ஆண்டுகள், லீக் பக்கம் போனவருக்கு யூனியன் கதவு ஆயுளுக்கும் மூடப்பட்டது. 1995-இல் யூனியனும் சம்பள ஆட்டமான பிறகுதான் அந்தப் பகை தீர்ந்தது.

கார்டிஃப் சிறுவன்

கிளைவ் சல்லிவன் 1943 ஏப்ரல் 9 அன்று வேல்ஸ் தலைநகர் கார்டிஃபில், ஸ்ப்ளாட் என்ற உழைக்கும் மக்கள் பகுதியில் பிறந்தார். ஜமைக்கா வம்சாவளியைச் சேர்ந்த கறுப்பினக் குடும்பம். கார்டிஃப் அந்தக் காலத்தில் நிலக்கரி ஏற்றுமதிக்குப் பெயர்போன துறைமுகம். சோமாலியா, ஏமன், மேற்கிந்தியத் தீவுகள், மேற்கு ஆப்பிரிக்கா என்று பல தேசத்துக் கப்பல் தொழிலாளர்கள் அங்கே வந்து குடியேறியிருந்தார்கள்.

வேல்ஸ் நாட்டில் ரக்பி யூனியன் என்பது வெறும் ஆட்டம் இல்லை, கிட்டத்தட்ட மதம். ஆனால் அந்த மதத்தின் கருவறைக்குள் கறுப்பின ஆட்டக்காரருக்கு இடம் கிடைக்கவில்லை. வேல்ஸ் தேசிய யூனியன் குழுவில் முதல் கறுப்பின வீரர் ஆடியது 1980-களில்தான். திறமையான பிள்ளைகள் இல்லாமலா? சல்லிவனுக்கு ஒன்பது வயது மூத்தவரான பில்லி பாஸ்டனைப் பாருங்கள். கார்டிஃபின் டைகர் பே பகுதியில் பிறந்தவர். வேல்ஸ் யூனியன் குழுவுக்கு ஆட வேண்டும் என்பதுதான் அவர் கனவு. அழைப்பு வரவில்லை. 1953-இல் வடக்கே போய் விகன் கிளப்பில் சேர்ந்தார். அந்த ஒரு கிளப்புக்காக மட்டும் 478 ட்ரை எடுத்தார்.

இந்த இடத்தில் மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சல்லிவனை யூனியன்காரர்கள் நேரில் மறுத்தார்கள் என்று எழுதிவிடாதீர்கள். அவர் தேசிய யூனியன் தேர்வாளர்களின் கண்ணில் படும் வயதுக்கு வருமுன்பே லீக் பக்கம் வந்துவிட்டார். ‘அவருக்கு முந்திய தலைமுறைக்கு என்ன நடந்தது என்பது கார்டிஃபில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது’ என்று எழுதினால் போதும். அது உண்மை. தெரிந்ததைவிட ஒரு படி அதிகமாகச் சொல்லிவிடுவதுதான் வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரையில் நாம் அடிக்கடி செய்யும் தவறு.

சல்லிவனுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. உடம்பு. பதின்ம வயதில் கால், பாதம், தோள் என்று பல அறுவை சிகிச்சைகள். துணையில்லாமல் நடப்பதே சிரமம் என்ற நிலை. விளையாட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை என்றுதான் தோன்றியது. பள்ளிப் படிப்புக்குப் பிறகு இராணுவத்தில் சேர்ந்தார்.

பொய் சொல்லாமல் மறைத்தது

இராணுவம் அவரை யார்க்ஷயரில் உள்ள கேட்டரிக் முகாமுக்கு அனுப்பியது. அங்கே படைப்பிரிவுகளுக்கிடையே ஒரு ரக்பி ஆட்டம். கார்டிஃப்காரன் என்றால் ரக்பி தெரிந்திருக்கும் என்று இவரையும் சேர்த்துவிட்டார்கள். சல்லிவனுக்குத் தர்மசங்கடம். கால் அறுவை சிகிச்சைகளைப் பற்றிச் சொன்னால் ‘உடல் தகுதி இல்லாதவன்’ என்று வேலையை விட்டே அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். வாயைத் திறக்காமல் மைதானத்தில் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் அடிபட்டதுபோல் நடித்து வெளியேறிவிடலாம் என்பது திட்டம்.

பந்து கைக்கு வந்தது. திட்டம் மறந்து போனது. ஓடினார். கால் தாங்கியது!

என் வகுப்பில் இந்த இடத்தில்தான் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். “அப்போ அவரு பயந்துதான் ஆடினாரா டீச்சர்?” என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். ஆமாம். வேலை போய்விடுமே என்ற பயம்தான் அவரை மைதானத்துக்குள் தள்ளியது. இதை ‘தன்னம்பிக்கையோடு களமிறங்கினார்’ என்று எழுதினால் நடந்ததே மறைந்துபோகிறது. பயந்தவர் என்று எழுதுவதால் அவர் மதிப்பு குறைந்தா போகும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். கேட்டரிக் இருப்பது இங்கிலாந்தின் வடக்கில். ரக்பி லீக்கின் கோட்டைகளான பிராட்ஃபர்டு, லீட்ஸ், ஹல் எல்லாம் அதே யார்க்ஷயர்தான். இராணுவம் அவரைத் தெற்கில் எங்காவது போட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஒருவரின் வாழ்க்கையில் உழைப்புக்கு இருக்கும் பங்கு, இடமாற்றக் கடிதத்துக்கும் இருக்கிறது. ஆசிரியர்களான நமக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை!

முதலில் பிராட்ஃபர்டு நார்தர்ன் கிளப்பில் சோதனை ஆட்டம். எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு 1961 டிசம்பரில் ஹல் கிளப் அழைத்தது. சோதனைக்கு வருபவர்களின் சொந்தப் பெயரை வெளியிடாமல் ஆட விடுவது அக்கால வழக்கம். லீக் கிளப்புக்குப் போனது தெரிந்தால் யூனியன் கதவு மூடும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அதனால்தான். சல்லிவனும் அப்படித்தான் ஆடினார். பார்வையாளர்களுக்கு அவர் யாரோ ஒரு புதுப் பையன். பிராம்லி குழுவுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் மூன்று ட்ரை எடுத்தார். மறுநாளே ஒப்பந்தம் கையெழுத்தானது. வயது 18.

அதற்குப் பிறகு நேராக ஏறுமுகம் என்று நினைக்க வேண்டாம். இராணுவப் பணி முடிய 1964 ஆனது. அதுவரை எல்லா வாரமும் ஆட முடியவில்லை. முழங்கால் அறுவை சிகிச்சைகள் வேறு. 1963-இல் கார் விபத்தில் சிக்கி உயிர் பிழைத்ததே பெரிது என்ற நிலைக்குப் போனார். சில மாதங்களில் மீண்டும் மைதானத்துக்கு வந்தார்.

1968-உம் 1972-உம்

1967-இல் கிரேட் பிரிட்டன் குழுவுக்குத் தேர்வானார். 1968 ஏப்ரலில், டொன்காஸ்டர் குழுவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஏழு ட்ரை எடுத்தார். அதே ஏப்ரலில்தான் ஈனோக் பவல் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் பர்மிங்காமில், மற்ற நாடுகளிலிருந்து குடியேறியவர்களுக்கு எதிராகப் பேசிய பேச்சு பிரிட்டனையே உலுக்கியது. லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் அவருக்கு ஆதரவாக ஊர்வலம் போனார்கள். ஹல் நகரும் துறைமுக நகர்தான். அந்த நகரத்துக் கூட்டம் சனிக்கிழமை தோறும் ஒரு கறுப்பின விங்கருக்காகக் கத்திக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே நாட்டில், ஒரே மாதத்தில். இதை விளக்க எனக்கு எளிய வழி எதுவும் தெரியவில்லை. மாணவர்களிடமும் அப்படித்தான் சொன்னேன்.

1972-இல் சல்லிவன் கிரேட் பிரிட்டன் ரக்பி லீக் குழுவின் தலைவரானார். எந்த விளையாட்டாக இருந்தாலும் சரி, பிரிட்டனின் தேசியக் குழு ஒன்றுக்குத் தலைமையேற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான். இதன் எடை தெரிய வேண்டுமானால் காற்பந்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கிலாந்தின் மூத்தோர் காற்பந்துக் குழுவில் விவ் ஆண்டர்சன் முதல் கறுப்பின வீரராக ஆடியது 1978-இல். தலைவராக அல்ல, ஆட்டக்காரராகவே ஆறு ஆண்டுகள் கழித்து!

அந்த ஆண்டு உலகக் கிண்ணம் பிரான்சில் நடந்தது. நான்கே நாடுகள்: பிரிட்டன், ஆஸ்திரேலியா, பிரான்சு, நியூசிலாந்து. முதல் சுற்றின் மூன்று ஆட்டங்களிலும் பிரிட்டன் வென்றது. நவம்பர் 11, லியோன் நகரில் இறுதி ஆட்டம். எதிரே ஆஸ்திரேலியா. பெரிய மைதானம், ஆனால் ஐயாயிரம் பேர்கூட வரவில்லை.

முற்பாதியில் ஆஸ்திரேலியா முந்தியிருந்தபோது, தம் பாதியில் பந்தைப் பெற்ற சல்லிவன் கோட்டை ஒட்டி ஓடத் தொடங்கினார். ஏறக்குறைய மைதானத்தின் நீளம் முழுவதும். பிடிக்க ஆள் இல்லை. ஒரு காலத்தில் நடக்கவே சிரமம் என்று கருதப்பட்ட அதே கால்கள். (இந்த வாக்கியத்தை மாணவர்கள் கட்டுரையில் ஒரே ஒரு முறை பயன்படுத்தலாம், இரண்டு முறை வந்தால் நாடக வசனம் ஆகிவிடும்.) ஆஸ்திரேலியத் தலைவர் கிரேம் லாங்லண்ட்ஸ் பாய்ந்து பிடித்து எடுத்த ஓர் அருமையான ட்ரையை, ஆஃப்சைடு என்று பிரெஞ்சு நடுவர் செல்லாது என்றார். ஆஸ்திரேலியர்கள் இன்றுவரை அதை மறக்கவில்லை. கடைசிக் கட்டத்தில் மைக் ஸ்டீபன்சன் ட்ரை எடுக்க, ஜான் கிளாசன் பந்தை உதைத்துப் புள்ளியைச் சமன் செய்தார். 10-10. கூடுதல் நேரம் இருபது நிமிடத்திலும் யாரும் புள்ளி எடுக்கவில்லை. முதல் சுற்றில் அதிகம் வென்ற குழு என்ற விதிப்படி கிண்ணம் பிரிட்டனுக்குப் போனது.

அந்தத் தொடரில் பிரிட்டன் ஆடிய நான்கு ஆட்டங்களிலும் சல்லிவன் ட்ரை எடுத்தார். அதற்குப் பிறகு 2022-இல் நடந்த தொடர் வரை, பிரிட்டனோ இங்கிலாந்தோ அந்தக் கிண்ணத்தை மறுபடி வென்றதில்லை. ஆகவே, கிண்ணத்தை ஏந்திய கடைசிப் பிரிட்டன் தலைவரும் சல்லிவன்தான். ‘முதல் கறுப்பினத் தலைவர்’ என்பதை எல்லாரும் எழுதுவார்கள். இந்தக் ‘கடைசி’யையும் சேர்த்து எழுதினால் கட்டுரை தனியாகத் தெரியும்.

ஆற்றைக் கடந்தவர்

1974-இல் அவருக்கு எம்.பி.இ. விருது கிடைத்தது. அதே ஆண்டில் அவர் செய்த இன்னொரு காரியம் ஹல் நகரில் விருதைவிடப் பெரிய பேச்சு. ஹல் நகரை ஹல் ஆறு இரண்டாகப் பிரிக்கிறது. மேற்கே ஹல் எஃப்.சி., கறுப்பு வெள்ளைச் சட்டை. கிழக்கே ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸ், சிவப்பு வெள்ளைச் சட்டை. குடும்பமே இரண்டுபட்டு நிற்கும் அளவுக்குப் போட்டி. மேற்கில் 352 ஆட்டங்கள் ஆடி 250 ட்ரை எடுத்த சல்லிவன், கிழக்குக்குப் போனார்!

நம் ஊர் இரசிகர்களாக இருந்தால் சும்மா விட்டிருப்பார்களா என்று தெரியவில்லை. அங்கே என்ன ஆனது தெரியுமா? கிழக்கும் அவரை ஏற்றுக்கொண்டது. மேற்கும் அவரை வெறுக்கவில்லை. ரோவர்ஸ் குழுவுக்காக 213 ஆட்டங்களில் 118 ட்ரை. இரண்டு கிளப்புகளுக்கும் தலா நூறு ட்ரைக்கு மேல் எடுத்தவர் அவர் ஒருவரே.

1980 மே மாதம் சேலஞ்ச் கிண்ண இறுதியாட்டத்தில் இந்த இரண்டு கிளப்புகளும் லண்டன் வெம்பிளியில் மோதின. ஊரே கிளம்பிப் போய்விட்டது. கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகட்டும் என்று நகரை விட்டு வெளியேறும் சாலையோரத்தில் யாரோ எழுதி வைத்தார்கள். ரோவர்ஸ் 10-5 என வென்றது. 37 வயதில் சல்லிவன் அந்தக் குழுவில் இருந்தார். இரண்டு ஆண்டுகளில் பழைய ஹல் எஃப்.சி.க்கே திரும்பிப் பயிற்சியாளர்களோடு வேலை செய்துகொண்டிருந்தபோது, 1982 சேலஞ்ச் கிண்ண இறுதியின் மறு ஆட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டது. 39 வயதில் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினார். விட்னஸ் குழுவை ஹல் 18-9 என வென்றது. இப்படி, இரண்டு கரைக்காரர்களோடும் அவர் கிண்ணம் வென்றார்.

ஆட்டத்தை விட்ட கொஞ்ச காலத்திலேயே, 1985 அக்டோபர் 8 அன்று, புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. வயது 42.

ஹம்பர் பாலத்தின் பக்கத்திலிருந்து ஹல் நகருக்குள் நுழையும் பெருஞ்சாலைக்கு அந்த ஆண்டே ‘கிளைவ் சல்லிவன் வே’ என்று பெயர் வைத்தார்கள். மேற்கிலிருந்து ஹல் நகருக்குக் காரில் வரும் எவரும் அவர் பெயரைப் படித்துக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். இரண்டு கிளப்புகளும் பருவத் தொடக்கத்துக்கு முன் அவர் நினைவுக் கிண்ணத்துக்காக ஆடுவதும் வழக்கமானது.

பிறந்த ஊரான கார்டிஃபுக்கு நேரம் எடுத்தது. 2023-இல்தான் கார்டிஃப் பே பகுதியில் பில்லி பாஸ்டன், கஸ் ரிஸ்மன், கிளைவ் சல்லிவன் மூவருக்கும் சேர்த்துச் சிலை திறக்கப்பட்டது. மூவரும் அந்த ஊரை விட்டு வடக்கே போய்ப் பெயர் வாங்கியவர்கள். பாஸ்டன் உயிரோடு இருந்து தம் சிலையைப் பார்த்தார். 2025-இல் ‘சர்’ பட்டமும் பெற்றார். ரக்பி லீக் வீரர் ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுவே முதல் முறை.

சல்லிவனின் மகன் அந்தோணியும் விங்கர்தான். அப்பாவைப் போலவே லீக்கில் தொடங்கி, ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸ், செயின்ட் ஹெலன்ஸ் கிளப்புகளில் ஆடி, கிரேட் பிரிட்டனுக்கும் ஆடினார். பிறகு கார்டிஃப் யூனியன் கிளப்புக்குப் போனார். 2001-இல் வேல்ஸ் தேசிய யூனியன் குழுவின் சிவப்புச் சட்டையைப் போட்டார்.

மாணவர்களுக்கு: 1974-இல் சல்லிவன் ஆற்றைக் கடந்து கிழக்குக் கிளப்புக்குப் போனதை, மேற்குக் கரை இரசிகர் ஒருவரின் பார்வையில் 120 சொற்களில் எழுதுங்கள். ‘விடாமுயற்சி’, ‘தன்னம்பிக்கை’, ‘பெருமை சேர்த்தார்’ ஆகிய மூன்றும் வரக் கூடாது. என் வகுப்பில் இரண்டு பேர் அவரைத் திட்டியே எழுதினார்கள். இரண்டும் நல்ல கட்டுரைகள்.